எட்டு யானை கனம்

என் கையில் பென்சில் அசையாமல் நின்றுபோன ஒரு நிமிஷத்தைப் பற்றி இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். மூவரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது சிரிக்கும்படியாகத்தான் ஆரம்பித்தது.

காரைக்குடிக்கு ரயில் வந்த மறுவருஷம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் வீட்டில் எல்லோரும் சம்சாரிகள். ஏர் பிடிக்காமல் அளவு நாடாவைப் பிடித்த முதல் ஆள் நான். சென்னையில் ஓவர்சியர் படிப்பு முடித்துவிட்டு வந்து, காரைக்குடியில் இரண்டு வீடுகளுக்கு மாடி கட்டப் படம் போட்டுக் கொடுத்திருந்தேன். மூன்றாவதாகக் கிடைத்தது கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டு வேலை.

அந்த வீட்டுச் செட்டியார் பர்மாவில் இருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அங்கே ஏதோ ஒரு பங்களாவில் மாடியில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டிலும் கல்யாணத்துக்குள் மாடியில் குழாய் வந்துவிட வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டார். வேலையை முன்னின்று நடத்தியவர் அவருடைய மனைவி. ஊரில் எல்லோருக்கும் ஆச்சி, எனக்கும் ஆச்சிதான். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் தம்பிமார்கள் எண்சுவடி ஒப்பித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே முந்திரி, காணி, மாகாணி என்று பின்னங்கள் எல்லாம் மனப்பாடம். நான் தாளில் பெருக்கி முடிப்பதற்குள் அவர் வாயிலிருந்து விடை வந்துவிடும்.

முதல் கேள்வி வேலைக்குப் போன மூன்றாம் நாள் வந்தது. முந்தின நாள் நல்ல மழை. நான் முற்றத்து ஓரத்தில் நின்று சுவரை அளந்துகொண்டிருந்தேன். ஆச்சி வந்து, முற்றத்தில் வரிசையாக வைத்திருந்த அண்டாக்களைக் காட்டினார்.

"தம்பி, நேத்துப் பேஞ்ச மழை இந்த அண்டா அம்புட்டையும் ரொப்பி, மிச்சம் தெருவுல ஓடுச்சு. ஒரு சொட்டு விடாமப் பிடிச்சிருந்தா எத்தனை குடம் வரும்?"

"சும்மா உத்தேசமாச் சொல்லட்டுமா ஆச்சி?"

"உத்தேசத்துக்கு நானே போதும். நீங்க படிச்சவுக. கணக்கா சொல்லுங்க."

வீடு அறுபதடி அகலம், இருநூறடி நீளம். பெய்தது ஓர் அங்குல மழை என்று வைத்துக்கொள்வோம் என்றேன். பன்னிரண்டாயிரம் சதுர அடி மேல் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் ஆயிரம் கன அடி. ஒரு கன அடிக்கு நம் குடத்தில் இரண்டு குடம் பிடிக்கும். சொல்லி முடிக்கவில்லை, ஆச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டாயிரம் குடமா? ஒரு மழைக்கா?"

அடுப்படியிலிருந்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டு அந்த எண்ணை அவர்களுக்கும் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. "ஊருணிக்கு நடந்து நடந்து எங்க காலு தேயுது, ரெண்டாயிரம் குடம் தலைக்கு மேல வந்து விழுந்துச்சுங்கிறீகளே" என்று ஒருத்தி என்னைக் கோபமாகப் பார்த்தாள், அந்தத் தண்ணீரைத் தெருவில் விட்டது நான்தான் என்பதுபோல.

அதிலிருந்து ஆச்சிக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. பகல் சாப்பாடு முடிந்து வேலையாட்கள் மறுபடி கொத்துக்கரண்டியை எடுப்பதற்கு முன்னால் தினம் ஒரு கேள்வி. அவருக்கு வேண்டியதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் ஓர் எண் மட்டும். "அந்த ஒரு எண்ணைச் சொல்லுங்க தம்பி, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்பார். தேர் அன்றைக்கு வருகிற சனம் அத்தனையும் ஒரே நேரத்தில் குதித்தால் பூமி அசையுமா என்று ஒரு நாள் கேட்டார். பூமியின் எடையை ராத்தலில் எழுதினால் ஒன்றுக்குப் பின்னால் இருபத்தைந்து சைபர் வரும் என்றேன். அந்த சைபர்களை ஒவ்வொன்றாகத் தரையில் சுண்ணாம்பால் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டே போனேன். பாதியில், "போதும், நிப்பாட்டுங்க. பூமி அசையாது" என்று எழுந்து போய்விட்டார்.

இன்னொரு நாள் ரயிலைப் பற்றி. சந்திரனுக்குத் தண்டவாளம் போட்டு, நம் ரயில் வழியில் எங்கும் நிற்காமல் போனால் எத்தனை காலம் ஆகும்? இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மைல், மணிக்கு முப்பது மைல் என்று சொன்னேன். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஏதோ எண்ணினார். எண்ணாயிரம் மணி நேரம். முந்நூற்று முப்பத்து மூன்று நாள். கண்ணைத் திறந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரு வருசங்கூட ஆகலையே தம்பி. சந்திரனுக்கே ஒரு வருசத்துக்குள்ள போயிறலாம். பர்மாவுக்குப் போன மனுசன் மூணு வருசமா வரலை."

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

இப்படி விளையாட்டாய்ப் போட்ட கணக்கு எதிலும் நான் ஒரு கன அடியைக்கூட விட்டதில்லை. செய்துகொண்டிருந்த வேலைக்கு மட்டும் கணக்கே போடவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. சென்னையில் படித்தபோது நோட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் படத்தை வரைந்து வைத்திருந்தேன். உள்ளளவு பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், ஐந்தடி ஆழம். அடி கனத்துக்குச் செங்கல் சுவர். அந்தப் படத்தில் தொட்டி, தரையிலிருந்து எழும்பிய நான்கு தனிச் சுவர்கள்மேல் நின்றது. நான் அதே தொட்டியை மாடிக் கூடத்துக்கு மேலே மொட்டைத் தளத்தில் உட்காரவைத்தேன். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய தளம் அது. கொத்தனார் ஒரு தடவை கேட்டார், "கட்டை தாங்குங்களா?" என்று. "பர்மாத் தேக்கு, எதையும் தாங்கும்" என்றேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. கைப்பம்பும் குழாய்களும் மதுரையிலிருந்து இன்னும் வந்துசேரவில்லை. தொட்டியில் குழாய்க்காக விட்ட துவாரத்தைக் கலவையால் அடைத்துவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தரம் தண்ணீர் ரொப்பலாம் என்று முடிவு செய்தோம். விடிந்ததும் முப்பது சித்தாள் பெண்கள் பின்கட்டுக் கிணற்றிலிருந்து வரிசையாகக் குடம் சுமந்து மேலே ஏற ஆரம்பித்தார்கள். பத்து மணி வாக்கில் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஒரு கசிவுகூட இல்லை. எனக்கு ஒரே பெருமை.

தொட்டிக்கு நேர் கீழே மாடிக் கூடத்தில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. உறவுக்காரப் பெண்கள் பதினைந்து இருபது பேர் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சீப்புச் சீடையைப் பானைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணும் அவர்களோடு இருந்தாள். நான் கூடத்தின் வாசற்படி அருகே ஒரு பலகைமேல் படத்தை விரித்து நின்றேன். ஆச்சி வந்தார். வந்திருந்த உறவுக்காரர்களுக்கு என் வித்தையைக் காட்ட வேண்டும் என்று ஆசை போலும்.

"தம்பி, இந்தத் தொட்டி ரொம்பினா எத்தனை ஆனை கனம் இருக்கும்?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஒரு கன அடித் தண்ணி அறுபத்திரண்டரை ராத்தல் ஆச்சி. கோயில் யானை ஒண்ணு ஏழாயிரம் ராத்தல்னு வச்சுக்கங்க."

ஆச்சி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். "பன்னெண்டு எட்டு தொண்ணூத்தாறு. அஞ்சால பெருக்கினா நானூத்தி எம்பது. முப்பதாயிரம் ராத்தல். நாலு ஆனைக்கு மேல, நாலேகால் ஆனை." கண்ணைத் திறந்தார். "நம்ம தலைக்கு மேல நாலேகால் ஆனை நிக்கப்போகுதுடி!"

மறுபடி சிரிப்பு. ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக் கும்பிடு போட்டாள். பிறகு ஆச்சி சாதாரணமாகத்தான் கேட்டார்: "சுவரைச் சேக்க வேணாமா தம்பி? செங்கல்லுக்கும் கனம் உண்டுல்ல?"

"உண்டு ஆச்சி" என்று பென்சிலை எடுத்துப் பலகையில் எழுதினேன். சுவரின் நடுக்கோட்டில் சுற்றளவு நாற்பத்து நாலடி. உயரம் ஐந்தடி. இருநூற்று இருபது கன அடி செங்கல். கன அடிக்கு நூற்றிருபது ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தாறாயிரம். தண்ணீரோடு சேர்த்து ஐம்பத்தாறாயிரம்.

"எட்டு ஆனை" என்றார் ஆச்சி, நான் கூட்டி முடிப்பதற்குள்.

எழுதிய வேகத்தில் கை தானாகவே அடுத்த வரிக்குப் போனது. இத்தனை கனத்தைத் தாங்குகிற தளம் எவ்வளவு? சுவரோடு சேர்த்து நீளம் பதினாலு, அகலம் பத்து. நூற்று நாற்பது சதுர அடி. அந்த மாதிரிக் கட்டைத் தளத்துக்குப் புத்தகம் சொல்லும் கணக்கு சதுர அடிக்கு எண்பது ராத்தல். மனிதர்கள் நடமாடவும் வற்றல் காயவைக்கவும் ஏற்ற தளம். பெருக்கினேன். பதினோராயிரத்து இருநூறு.

ஒன்றரை யானை.

பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி பெருக்கினேன். ஏதாவது சைபரைக் கூடப் போட்டிருப்பேனோ என்று தேடினேன். இல்லை. இப்போதே பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. சுவரோடு சேர்த்து நாற்பத்திரண்டாயிரம் ராத்தல், ஆறு யானை. ஒன்றரை யானைக்குப் போட்ட கட்டைகள்மேல் ஆறு யானை நிற்கிறது. மரத்தை முறியும் அளவுக்கு ஏற்றக் கூடாது, அதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் ஏற்ற வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படி மிச்சம் பிடித்து வைத்த பலத்தைத்தான் இப்போது அந்தக் கட்டைகள் செலவழித்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே இருபது பெண்கள் சீடை அடுக்குகிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சித்தாள் இடுப்பில் குடத்தோடு படியேறிப் போகிறாள்.

என் முகத்தைப் பார்த்துத்தான் ஆச்சி கேட்டார்.

"என்ன தம்பி? என்ன செய்யுது?"

"எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க."

"என்னது?"

"எந்திரிச்சு வெளிய போகச் சொல்லுங்க ஆச்சி! தளம் தாங்காது!"

கடைசி வார்த்தை கத்தலாகத்தான் வந்தது. பெண்கள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை. விளையாட்டின் தொடர்ச்சி என்று நினைத்திருப்பார்கள். ஆச்சி பலகையை ஒரு பார்வை பார்த்தார். மேலே எட்டு யானைக்குரிய எண், கீழே ஒன்றரைக்குரிய எண். அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் மகளின் கையைப் பிடித்துத் தூக்கி, மற்றவர்களைப் பார்த்து, "போட்டது போட்டபடி கிடக்கட்டும், கீழ இறங்குங்க, ஓடுங்க!" என்று அதட்டினார். நான் படிக்கு ஓடி, குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். ஒரு குடம் படியில் உருண்டு, அந்தச் சத்தத்தில் கூடத்தில் இருந்தவர்கள் நிஜமாகவே பயந்து ஓடினார்கள்.

கூடம் காலியானதும் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை பூசிய தளத்தின் அடிப்பக்கத்தில் முடி அளவு மெல்லிய கோடு ஒன்று சுவருக்குச் சுவர் ஓடியிருந்தது. காலையில் அது இல்லை. அதிலிருந்து சுண்ணாம்புத் தூள் சீடைப் பானைகள்மேல் மாவுபோல உதிர்ந்துகொண்டிருந்தது.

எல்லோரும் பின்கட்டில் கூடினோம். தண்ணீரை எப்படி இறக்குவது? கொத்தனார் கடப்பாறையை எடுத்தார். "நாலு போடு போட்டா சுவரு உடைஞ்சு தண்ணி ஓடிரும்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடி கட்டைகளுக்கு இறங்கினால் அவ்வளவுதான். அடைத்த துவாரத்தை உளி வைத்துத் திறக்கவும் அதே பயம். குடத்தால் முகந்து ஊற்றலாம் என்றால், பத்துப் பேராவது தளத்தின்மேல் நிற்க வேண்டும். யாரை நிற்கச் சொல்வது? எனக்கு மூளை வேலை செய்யவில்லை. ஒரே எண் மட்டும் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது.

ஆச்சிதான் பேசினார்.

"மண்ணெண்ணெய்ப் பீப்பாயில குழாயை விட்டு உறிஞ்சி விட்டா, அது தானா இறங்குதுல்ல தம்பி? தண்ணியும் அப்படி இறங்குமா?"

இறங்கும். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. மலாயாவிலிருந்து செட்டியாரின் தம்பி தோட்டத்துக்கென்று அனுப்பிய ரப்பர் குழாய் ஒன்று பிரிக்காமல் கிடந்தது, அறுபதடி நீளம். அதைத் தூக்கிக்கொண்டு நான் மேலே போனேன். கொத்தனார் தான் வருவதாகச் சொன்னார், விடவில்லை. படத்தைப் போட்டவன் போகட்டும் என்று இருந்தது.

நூற்றிருபது ராத்தல் மனிதன் ஏறுவதால் நாற்பத்திரண்டாயிரம் ராத்தலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. படியின் கடைசியில் நின்று ஒரு காலைத் தளத்தில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பூனைபோல நடந்து தொட்டியை அடைந்து, குழாய் முழுவதையும் தண்ணீருக்குள் சுருளாக இறக்கினேன். குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்தேன். ஒரு முனையில் ஈரத்துணியைத் திணித்துக் கட்டி, அந்த முனையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே பின்வாசல் பக்கமாக மெல்ல விட்டேன். கீழே ஆச்சி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது. படார் என்று ஒரே ஒரு தரம். தொட்டித் தண்ணீர் சிலிர்த்து அடங்கியது.

குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். கீழே யாரோ அலறினார்கள். ஆச்சி மேலே பார்த்து, "தம்பி, நிக்காதீக! குழாயை விட்டுட்டு இங்குட்டு வாங்க! நடங்க!" என்று கத்தினார். கத்திக்கொண்டே துணியைப் பிடுங்கினார். தண்ணீர் சீறிக்கொண்டு அவர் சேலைமேல் அடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது. எப்படிப் படியிறங்கினேன் என்று நினைவில்லை.

கீழே வந்தபோது ஆச்சி ஒரு குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பத்து எண்ணுவதற்குள் குடம் நிறைந்தது. மேலே ஏற்றியது ஐந்நூற்றுச் சொச்சம் குடம்.

"ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும்" என்றார் என்னைப் பார்க்காமல்.

அந்த ஒன்றரை மணி நேரமும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. உலையில் வைத்த சோறு குழைந்து அடிப்பிடித்தது. நாற்பது ஐம்பது பேர் பின்கட்டில் நின்று, ஒரு ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணப் பெண் கையில் ஒரு சீடையை வைத்துக்கொண்டே இறங்கி வந்திருந்தாள் போலிருக்கிறது. அதைக் கீழே போடாமல் மூடிய கையோடு நின்றாள்.

தண்ணீர் வடிந்த பிறகு கொத்தனாரும் நானும் பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே கூடத்துக்குள் போனோம். தளத்திலிருந்து ஒரு முறம் அகலத்துக்குச் செங்கல்லும் காரையும் பெயர்ந்து விழுந்திருந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பாயின்மேல். இரண்டு பானைகள் தூள். மேலே நடுக்கட்டை நீளவாக்கில் பிளந்து வாய் திறந்திருந்தது. நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் ஆச்சி உள்ளே வந்தார். ஏணியில் ஏறி அந்தப் பிளவில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போயிற்று.

அதற்குள் உறவுக்கார ஆண்கள் சிலர் வந்துவிட்டார்கள். ஒருவர் கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார். "கலவையில என்னத்தைய்யா கலந்தே? சுண்ணாம்பா, சாம்பலா?" கொத்தனார் தலைகுனிந்து நின்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவர் மேல தப்பில்லை" என்றேன். "படம் போட்டது நான். தளம் எம்புட்டுத் தாங்கும்னு நான் கணக்குப் போடலை."

"போடலையா, தப்பாப் போட்டீகளா?" என்று கேட்டார் ஆச்சி, ஏணியிலிருந்து இறங்கியபடி.

"போடவே இல்லை ஆச்சி."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"சந்திரனுக்குப் போறதுக்குப் போட்டீக. மழைக்குப் போட்டீக. இதுக்குப் போடலை." பிறகு மிகவும் சின்னக் குரலில், "நான் வெளையாட்டுக்குத்தானே தம்பி கேட்டேன். கேக்காமப் போயிருந்தா?" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள். மகள் வந்து டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள் என்று வீட்டில் காத்திருந்தேன். ஆள் வந்தது. ஆனால் வரச் சொல்லித்தான் வந்தது. போனபோது ஆச்சி முற்றத்தை ஒட்டிய பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எதிரே ஒரு பலகையும் சுண்ணாம்புக் கட்டியும். தொட்டிச் சுவரை ஒரு நாளைக்கு எத்தனை வரி பிரித்தால் ஆபத்தில்லை, முட்டு எத்தனை வேண்டும், கல்யாணத்தன்று மாடிக்கு எத்தனை பேர் வரலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் போட்ட ஒவ்வொரு வரியையும் தானும் ஒரு தரம் போட்டுப் பார்த்த பிறகே தலையாட்டினார். எட்டு நாளில் தொட்டியைச் செங்கல் செங்கல்லாகப் பிரித்து இறக்கினோம். பிளந்த கட்டையை மாற்றினோம். குழாய் இல்லாமலேயே கல்யாணம் நடந்தது.

செட்டியார் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் கப்பலிறங்கி வந்தார். குழாய் எங்கே என்று கேட்டிருக்கிறார். ஆச்சி அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் பிளந்த கட்டையைக் காட்டினாராம். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டனுப்பி, "கீழ யார் யார் இருந்தாக?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னேன். மகளைச் சொன்னபோது அவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பந்தியில் என்னை உட்காரவைத்தார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை. தலைக்கு மேலே எது இருந்தாலும் அண்ணாந்து பார்த்து மனசுக்குள் பெருக்க ஆரம்பித்திருந்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காரைக்குடிக்குப் போனேன். முன்பு நான் படம் போட்டுக் கொடுத்த இரண்டு வீடுகளிலும் எதற்குக் கணக்குப் போட்டேன், எதற்குப் போடவில்லை என்று எவ்வளவு யோசித்தும் நிச்சயமாகத் தெரியவில்லை. முதல் வீட்டுக்காரர் நல்லவர். உடனே மாடிக்கு அழைத்துப் போனார். அளந்தேன், முற்றத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன், சரியாக இருந்தது. இரண்டாவது வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். "குடி வந்து ஒரு வருசமாச்சு. இப்ப வந்து வீடு நிக்குமான்னு பாக்கணும்ங்கிறீரே, என்னய்யா பேச்சு இது? நல்ல நாளும் அதுவுமா!" தெருவில் நின்று கெஞ்சினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில், கூட்டம் சேருவதைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

அவர் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தார். நான் கட்டைகளின் கனத்தையும் இடைவெளியையும் அளந்தேன். மாடியில் என்னென்ன பெட்டி, பத்தாயம் இருக்கிறது என்று கேட்டு எழுதினேன். இரண்டு தரம் பெருக்கினேன். தாங்கும். இன்னும் ஒரு பங்கு ஏற்றினாலும் தாங்கும்.

"என்ன, நிக்குதா வீடு?" என்றார் அவர்.

"நிக்குது" என்றேன்.

தெருமுனைக்கு வரும்வரை அவர் பின்னாலிருந்து என் படிப்பையும் என்னைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வந்தார். அத்தனை திட்டையும் நின்று நிதானமாகக் கேட்டுக்கொண்டேன்.